பாறையேறிய பிள்ளைகளும் எமது எழுத்தாளரும்

2021ஆம் ஆண்டில், பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த வேளையில், எமது நாட்டின் இரு காட்சிகள் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன. போகிட்டியாவ என்னும் கிராமத்துப் பிள்ளைகள், யானையும் சிறுத்தையும் உலவும் காட்டினூடே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, கைத்தொலைபேசிக்கு அலைவரிசை கிட்டும் பாறையொன்றின் மீது அமர்ந்து பாடங் கற்றனர். லுணுகலைப் பகுதியிலே மரத்தின் மீது கட்டிய பரணே வகுப்பறையாயிற்று.

இக்காட்சிகளை எமது எழுத்தாளர் எங்ஙனம் கண்டனர் என்பதே இங்கு நாம் ஆராய விழைவது. அக்காலத்தில் நாம் படித்த கவிதைகளுட் பல அப்பிள்ளைகளின் ஊக்கத்தைப் பாடின. வறுமையையும் வென்று நிற்கும் கல்வித் தாகம் என்று மனமுருகின. அவற்றை எழுதியோரின் மனிதாபிமானத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும், பிள்ளையின் உறுதியைக் கண்ட கண்கள் பாறையின் அடிவாரத்தைக் காணவில்லை. காட்டு வழியைச் சாதனை வழியாக்கிப் பாடும்போது, அவ்வழியே பிள்ளையை அனுப்பிய சமுதாய அமைப்பு விசாரணையின்றித் தப்பிவிடுகின்றது. பரிசளிப்பு விழா மேடைகளில் இதே கதையைச் சொல்லிக் கைதட்டல் பெற்ற ஆசிரியருள் நாமும் அடங்குவோம்.

அலைவரிசைக் கோபுரம் இலாபம் உள்ள இடத்தில் எழுவது. மலையடிவாரத்துச் சில குடும்பங்கள் தரும் வருவாய் அதன் செலவை மீட்டுத் தராது. கோபுரம் எட்டும் ஊரிலோ விலை குறுக்கே நிற்கின்றது. பாடந் தொடங்குமுன்னரே டேட்டாவுக்குப் பணங் கட்டியாதல் வேண்டும். 2022 செப்டெம்பரில் அக்கட்டணமும் 20 வீதத்தால் உயர்ந்தது. நாட்டின் 43 இலட்சம் மாணவருள் அதிகம் போனால் 40 வீதத்தினரே இணையவழி வகுப்புகளிற் பங்குபற்ற முடிகின்றது என 2021இல் இலங்கை ஆசிரியர் சங்கம் கூறிற்று.

கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் 1980இல் பாடநூல்களும் 1993இல் சீருடையும் இலவசமாயின. வகுப்புக் கட்டணத்தை நீக்கியதனால் மட்டும் ஏழையின் பிள்ளைக்குக் கல்வி கிட்டிவிடாது என்பதை அரசே ஒப்புக்கொண்டமைக்கு இவை சான்று. வகுப்பு வீட்டுக்கு இடம்பெயர்ந்தபோது மட்டும் இவ்வுண்மை மறக்கப்பட்டது ஏன்? நாடு வறியது, முடியாது என்பர். ஆனால் 2020இல் பல்கலைக்கழக மாணவர் தமது கற்றற் றளங்களைக் கட்டணமின்றிப் பயன்படுத்த, லேர்ன் வலையமைப்பினூடாகத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வழிசெய்தன. நல்ல காரியம், நாம் வரவேற்கின்றோம். கிராமத்துப் பாடசாலைப் பிள்ளையின் வகுப்போ பெரும்பாலும் வட்ஸ்அப் குழுவில் நடந்தது; அதற்கான டேட்டாவைத் தகப்பனே வாங்கினான்.

இவ்விடத்திலேதான் யதார்த்த இலக்கியத்துக்கு வேலை இருக்கின்றது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் தொலைபேசி ஒன்று. காலையில் தகப்பனோடு அதுவும் வேலைக்குப் போய்விடும். மாலையில் அவன் திரும்பியதும் யாருக்கு முதலிற் கொடுப்பது? மூத்தவள் சாதாரண தரப் பரீட்சைக்காரி. ஆயினும் பெண்பிள்ளைதானே என்ற ஒரு சொல்லில் அது தம்பியின் கைக்குப் போவதும் உண்டு. அவள் பிறகு எடுத்துப் பார்க்கையில் டேட்டா குறைந்திருக்கும். கணிதப் பாடக் காணொளியைத் திறந்தால் முழுதும் தீர்ந்துவிடும் என்று அதைத் திறவாமல், ஆசிரியர் எழுதியனுப்பிய இரு வரிகளை மட்டும் வாசித்து வைத்துவிடுவாள். இதில் வீரம் இல்லை, யானை இல்லை, புகைப்படத்துக்கு ஏற்ற எதுவும் இல்லை. அதனாற்றான் போலும், இது எமது கதைகளில் அரிதாகவே இடம்பெறுகின்றது. அவ்வீட்டில் நிகழும் சிறு பூசலும், தாயின் மௌனமும், ரீலோட் போடக் கடைக்காரரிடம் சொல்லும் கடனும் எழுதப்படுமாயின், வாசகன் அப்பிள்ளையை வியக்க மாட்டான். யாரைக் கேள்வி கேட்பது என்று யோசிப்பான்.

பெருந்தொற்றோடு இது முடிந்துவிட்டது என்று கருதுதல் தவறு. பாடசாலைகள் திறந்தபின்னும் இரவில் வட்ஸ்அப்பில் ஒப்படை அனுப்பும் வழக்கம் நின்றுவிடவில்லை. மறுநாட் காலை, மணி அடிக்குமுன், சில பிள்ளைகள் அயலிலிருப்பவரின் கொப்பியைப் பார்த்து அவசரமாக எழுதிக்கொண்டிருப்பர். காரணம் கேளாமல் அவர்களைக் கண்டித்து, ஒப்படை செய்யாதோர் பட்டியலில் அவர்களின் பெயரை எழுதுவோரும் ஆசிரியராகிய நாமே.