பதினைந்து நொடி இளஞ்சிவப்பு

கொய்யாச் சாறு பாட்டிலின் லேபிளில் ‘வைட்டமின் சி’ என்று ஓர் எண் இருக்கும். ஆய்வகத்தில் அந்த எண் பிறக்கும் காட்சி எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

காற்றுப் பட்டாலே வைட்டமின் சி அழியத் தொடங்கும். அதனால் சாற்றை முதலில் மெட்டாபாஸ்பாரிக் அமிலத்தில் கலந்து காப்பாற்றுவார்கள். பிறகு வடிகட்டி, அளந்து, கூம்புக் குடுவையில் எடுப்பார்கள். மேலே பியூரெட் என்ற அளவுக் குழாயில் டைகுளோரோபீனால் இண்டோபீனால் என்ற ஆழ்ந்த நீலச் சாயம். வலிமை தெரிந்த வைட்டமின் கரைசலில் அதை முன்கூட்டியே சோதித்திருப்பார்கள்.

திருகைத் திறந்ததும் ஒரு சொட்டு விழும். அமிலம் பட்டு நீலம் இளஞ்சிவப்பாகும். மறுகணமே காணாமல் போகும். சாயத்தின் நிறத்தை விழுங்குவது வைட்டமின்தான். இடது கை திருகில், வலது கை குடுவையைச் சுழற்றியபடி. சொட்டுகள் விழ விழ மறைவதற்கு நேரமாகும். கடைசியில் ஒரே ஒரு சொட்டு, ரோஜா இதழின் ஓரம்போல மெல்லிய சிவப்பாகத் தங்கிவிடும். பதினைந்து நொடி நிலைத்தால் வைட்டமின் தீர்ந்தது என்று பொருள். செலவான சாயமே கணக்கு.

நாவல்பழச் சாற்றிலோ அதன் கருநீலமே இந்தச் சிவப்பை மறைத்துவிடும். அங்கே சேர்மங்களைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவிதான் கைகொடுக்கும்.

ஆனாலும் பழத்தின் உள்ளிருப்பைக் கண்ணுக்கே காட்டிவிடும் இந்த எளிய முறையின் அழகு தனி. மூன்று முறை செய்து, மூன்றும் ஒத்துவந்த பிறகே எழுதும் அந்தப் பொறுமையை வணங்கத் தோன்றுகிறது.