கிழிசலை அடைக்கும் அனெக்சின்

மலைப்படி இறங்கும்போது தொடைத் தசைச் செல்களின் சவ்வில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. நாம் உணர்வதற்குள் அவற்றில் பெரும்பாலானவை அடைபட்டும் விடுகின்றன. அந்த வேலைக்கு முந்திக்கொண்டு வரும் புரதக் குடும்பம் அனெக்சின். மனித உடலில் இது 12 வகை.

செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம், உள்ளே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு அதிகம். சவ்வு கிழிந்ததும் அது உள்ளே பாய்கிறது. அதுவரை செல்திரவத்தில் மிதந்துகொண்டிருந்த அனெக்சின், கால்சியம் அயனிகளைப் பாலமாகப் பிடித்து, சவ்வின் உட்புறத்தில் உள்ள பாஸ்பாடிடைல்செரீன் என்ற எதிர்மின் கொழுப்பில் ஒட்டிக்கொள்கிறது. அனெக்சின் ஏ5 மும்மூன்றாகச் சேர்ந்து, பாய் முடைந்ததுபோல் கிழிசலின் ஓரத்தில் ஒழுங்காகப் படர்கிறது. கிழிசல் மேலும் விரிவது நிற்கிறது. ஏ6 போன்ற உறவுப் புரதங்களும் கைகொடுக்க, ஓட்டை மூடுகிறது. கால்சியம் குறைந்ததும் பிடி தளர்கிறது.

அளவு மீறிய கால்சியம் செல்லையே கொன்றுவிடும். அந்த ஆபத்தையே உதவிக்கான அழைப்பாக மாற்றிக்கொண்ட நேர்த்தி என்னை மலைக்க வைக்கிறது. அதே ஒட்டும் குணம் ஆய்வகத்திலும் உதவுகிறது: செல் தானாகவே மடியத் தொடங்கும்போது பாஸ்பாடிடைல்செரீன் சவ்வின் வெளிப்புறம் திரும்பும். ஒளிரும் சாயம் ஏற்றிய ஏ5 அதில் ஒட்டி, மடியும் செல்லை ஆய்வாளருக்குக் காட்டிக்கொடுக்கிறது.