டிரேசி சாப்மனின் பாடல்கள்: ஒரு மதிப்பீடு

டிரேசி சாப்மன் (பிறப்பு: மார்ச் 30, 1964) அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர், கிதார் கலைஞர். நாட்டார் இசை மரபையும் பாப் இசையையும் இணைத்துப் பாடியவர். 1988 முதல் 2008 வரை எட்டு இசைத்தொகுப்புகளை வெளியிட்டார். வறுமை, இனப்பாகுபாடு, குடும்ப வன்முறை ஆகியவற்றைப் பாடியதால் ‘எதிர்ப்புப் பாடகர்’ என்றே பெரும்பாலும் அறிமுகப்படுத்தப்படுகிறார். ஆனால் அவருடைய சிறந்த பாடல்களில் முழக்கம் இல்லை. ஒரு மனிதரின் வாழ்க்கை, அவர் வாயாலேயே, இரக்கம் கோராமல் சொல்லப்படுகிறது. சாப்மனின் தனித்தன்மை அதுவே.

பிறப்பு, கல்வி

ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் பிரிந்தபின் தாயே வளர்த்தார். வருமானம் குறைந்த அந்த வீட்டில் மகளின் ஆர்வத்தைக் கண்டு தாய் வாங்கித் தந்த யுகுலேலி என்னும் சிறிய நரம்புக் கருவியே அவருடைய முதல் இசைக்கருவி. எட்டு வயதில் கிதார் பழகினார். கல்வி உதவித்தொகை பெற்றுக் கனெக்டிகட் மாநிலத்தின் வூஸ்டர் பள்ளியிலும், பின்னர் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானிடவியலும் பயின்றார். மாணவராக இருந்தபோது பாஸ்டன் பகுதியின் தெருக்களிலும் காப்பிக் கடைகளிலும் பாடினார். சக மாணவர் பிரையன் காப்பல்மன், இசைப் பதிப்புத் துறையில் இருந்த தம் தந்தைக்கு அவரை அறிமுகம் செய்தார். எலெக்ட்ரா நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட அதுவே வழிவகுத்தது.

1988

டேவிட் கெர்ஷன்பாம் தயாரிப்பில் முதல் தொகுப்பு 1988 ஏப்ரலில் வெளியானது. மின்னிசைக் கருவிகளும் பெரிய ஒலியமைப்பும் கோலோச்சிய காலம் அது. அவ்வாண்டு ஜூன் 11 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் நெல்சன் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாள் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. ஸ்டீவி வொண்டரின் இசைக்கருவிக்குரிய கணினித் தட்டு காணாமல் போனதால் அவரால் உரிய நேரத்தில் மேடையேற முடியவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப, முன்னரே பாடி முடித்திருந்த சாப்மன் ஒற்றைக் கிதாருடன் மீண்டும் அனுப்பப்பட்டார். அன்று அவர் பாடிய ‘ஃபாஸ்ட் கார்’ தொலைக்காட்சி வழியே உலகெங்கும் சென்றது. தொகுப்பு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன. ஆம்னெஸ்டி அமைப்பின் மனித உரிமை இசைப்பயணத்தில் பங்கேற்று, 1988 செப்டம்பரில் புது தில்லியிலும் பாடினார்.

பாடல்களின் இயல்பு

‘ஃபாஸ்ட் கார்’ பாடலைச் சொல்பவள் குடிகாரத் தந்தையைக் கவனிக்கப் படிப்பை விட்ட ஒரு பெண். காதலனின் காரில் ஊரைவிட்டுப் போனால் வாழ்வு மாறும் என்று நம்புகிறாள். கடையில் வேலை கிடைக்கிறது, குழந்தைகள் பிறக்கிறார்கள், காதலனும் தந்தையைப் போலவே குடிக்கத் தொடங்குகிறான். முதலில் ‘நாம் போகலாமா’ என்று கேட்டவள், இறுதியில் அவனையே போகச் சொல்கிறாள். கிதாரின் ஒரே சிறு சுரக்கோவை திரும்பத் திரும்ப வருகிறது. பழைய இரவுப் பயணத்தை அவள் நினைவுகூரும் இடத்தில்தான் தாளம் ஓங்கி எழுகிறது; நினைவு முடிந்ததும் அடங்கிவிடுகிறது. கார் எங்கும் போய்ச் சேரவில்லை என்பதை இசையமைப்பே உணர்த்திவிடுகிறது.

‘பிஹைண்ட் த வால்’ பாடலுக்கு இசைக்கருவியே கிடையாது. இரவில் அடுத்த வீட்டுப் பெண்ணின் அலறலைக் கேட்கும் ஒருவரின் குரல் மட்டுமே ஒலிக்கிறது. அடிபடுபவளைப் பாடாமல், கேட்டுக்கொண்டு கிடப்பவரைப் பாடியது நுட்பமான தேர்வு. பாடலைக் கேட்பவரும் அதே நிலையில் நிறுத்தப்படுகிறார்.

குறைகள்

தனிமனிதரை விட்டு உலகம் முழுவதையும் நோக்கிப் பேசும்போது சாப்மனின் எழுத்து மெலிகிறது. முதல் தொகுப்பின் ‘ஒய்?’ பாடல் நியாயமான கேள்விகளை அடுக்குகிறது. ஆனால் அவற்றைக் கேட்கும் மனிதர் யாரென்று தெரிவதில்லை. ‘கிராஸ்ரோட்ஸ்’ (1989) தொகுப்பிலும் இக்குறை உண்டு. ‘நியூ பிகினிங்’ (1995) தொகுப்பின் ‘கிவ் மீ ஒன் ரீசன்’ எளிய பன்னிரண்டு அளவு புளூஸ் வடிவில் அமைந்தது. உறவை முறித்துக்கொள்ளத் துணிந்தும், தங்குவதற்கு ஒரு காரணம் கேட்கும் அந்தக் குரலில் மீண்டும் ஒரு மனிதர் தெரிகிறார். அது சிறந்த ராக் பாடலுக்கான கிராமி விருதைப் பெற்றது.

பாடலும் உரிமையும்

நாட்டார் பாடல் வாய்மாறிப் பரவும்போது இயற்றியவர் பெயர் மறைந்துவிடுவது வழக்கம். சாப்மன் அதற்கு இடம் தரவில்லை. தம் அனுமதியின்றி ‘பேபி கேன் ஐ ஹோல்ட் யூ’ பாடலைப் பயன்படுத்தியதாகப் பாடகி நிக்கி மினாஜ் மீது 2018இல் வழக்குத் தொடுத்தார். 2021இல் 4,50,000 டாலர் பெற்றுச் சமரசம் ஏற்பட்டது.

2023இல் வெள்ளையினக் கன்ட்ரி இசைப் பாடகர் லூக் கூம்ஸ் ‘ஃபாஸ்ட் கார்’ பாடலை மீண்டும் பாடினார். பாடலில் வரும் கடைப்பெண்ணை ஆணாக மாற்றாமல் பாடியது குறிப்பிடத்தக்கது. அது பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றது. 1988இல் சாப்மன் எட்டியது ஆறாம் இடமே. கறுப்பினப் பெண்களுக்கு எளிதில் வாய்ப்பளிக்காத கன்ட்ரி இசைத்துறை, ஒரு கறுப்பினப் பெண்ணின் பாடலை வெள்ளையரின் குரலில் கொண்டாடுவது குறித்து விவாதம் எழுந்தது. அது நியாயமான விவாதம். எனினும் பாடலை எழுதியவர் என்ற இடத்தில் சாப்மன் பெயர் மட்டுமே இருந்தது. கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த பாடல் விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியர் அவரே. 2024 பிப்ரவரியில் கிராமி மேடையில் கூம்ஸுடன் அவரும் பாடினார்.

மதிப்பீடு

ஒரே பாடலால் அறியப்படுபவர் என்று சாப்மனைக் குறைத்துக் கூறுவதுண்டு. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வேறொரு இனத்தவர், வேறொரு இசை மரபினர், ஒரு சொல்லையும் மாற்றத் தேவையின்றிப் பாட முடிந்த பாடலை எழுதியவர் அவர். ஏழையைப் பரிதாபத்துக்குரியவராகக் காட்டாமல், கணக்குப் போட்டு, நம்பி, ஏமாந்து, முடிவெடுக்கும் மனிதராகக் காட்டியதே அப்பாடலின் வலிமை. அவருடைய மற்ற பாடல்களில் நிலைத்திருப்பவையும் அவ்வகையைச் சேர்ந்தவையே.