முகப்பூச்சுக் கலைந்தபின்: ஸ்கிட் றோவின் இரண்டாவது அல்பம்

1991 செப்டெம்பரில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வெளிவந்தது. கிளாம் மெற்றல் அதோடு மடிந்தது. றொக் இசையின் வரலாற்றை எழுதுவோரிற் பலர் இப்படித்தான் கதையை முடிக்கிறார்கள். நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஸ்கிட் றோ குழுவின் 'ஸ்லேவ் டு த கிரைண்ட்' அல்பத்தைச் செவிமடுத்தவர் இக்கூற்றை இலகுவில் ஏற்கமாட்டார். அது மூன்று மாதம் முந்தி, ஜூனிலேயே வந்துவிட்டது. ரசனை மாறப்போவதைச் சியாட்டிலிலிருந்து எவரும் வந்து சொல்லுமுன்பே இவர்கள் மாறிவிட்டிருந்தார்கள்.

கிற்றார் கலைஞர் டேவ் சாபோ, ஜோன் பொன் ஜோவியின் பால்ய நண்பர். அந்நட்பு திறந்துவிட்ட வாசலால் வந்த 1989 ஆம் ஆண்டின் முதல் அல்பம் அமெரிக்காவில் ஐம்பது இலட்சம் பிரதிகளைத் தாண்டியது. 'ஐ ரிமெம்பர் யூ' போன்ற உருக்கமான காதற்பாட்டு இன்னும் இரண்டைச் செய்திருந்தால் பிழைப்பு நடந்திருக்கும். செய்யவில்லை. தயாரிப்பாளரையும் மாற்றவில்லை, இரண்டு அல்பங்களுக்கும் மைக்கேல் வாகனர்தான். ஆகவே இந்தக் கனதி வெளியாள் ஒருவர் கொண்டுவந்து பூசியதல்ல.

தலைப்புப் பாடலின் வேகம் த்ராஷ் மெற்றலை ஒட்டி ஓடுகிறது. எல்லாமே அப்படியல்ல, 'சைக்கோ லவ்' எனக்கு வெறும் முறுக்காகவே படுகிறது. இவ்வல்பத்தின் உண்மையான மாற்றம் மெதுவான பாடல்களில்தான் இருக்கிறது என்பேன். 'வேஸ்டட் டைம்' போதையில் அழிபவனைப் பாடுகிறது. 'குவிக்சாண்ட் ஜீசஸ்' விசுவாசம் ஆட்டங்காணும் மனத்தைப் பேசுகிறது. முன்னர் காதலிக்காக உச்சத்தில் கூவிய செபஸ்தியன் பாக்கின் குரல் இங்கே அதே உச்சத்தை வலிக்காகச் செலவிடுகிறது.

அல்பம் பில்போர்ட் பட்டியலில் முதல் வாரமே முதலிடத்தைப் பிடித்தது. கடைக்காரரின் வாய்மொழியை விட்டு, பட்டைக்குறி வழியே விற்பனையை எண்ணும் சவுண்ட்ஸ்கான் முறை அப்போதுதான் வந்து சில வாரங்கள். ஆனால் அமெரிக்க விற்பனைச் சான்று இருபது இலட்சத்தோடு நின்றது. அழகிய முகத்துக்காக வந்தவர்களுக்கு இது கசந்தது. கனதியைத் தேடியவர்களோ அந்த முகத்தை நம்பவில்லை, ஓகஸ்டில் வந்த மெற்றாலிக்காவின் பக்கம் போனார்கள். நேர்மையாக மாறிய கலைஞனைப் பழைய வெற்றியே காட்டிக்கொடுத்த கதை இது. 1992 இல் இவர்களின் மேடைகளில் முன்னிசை வாசித்த பன்டேரா குழு 1994 இல் தானே முதலிடத்துக்கு வந்தது. ஸ்கிட் றோ மூன்றாவது அல்பத்தை 1995 இல் தந்தது. அடுத்த ஆண்டு பாக் குழுவில் இல்லை.

அட்டையையும் சொல்ல வேண்டும். முதல் அல்பத்தின் முகப்பில் ஐவரின் புகைப்படம். இரண்டாவதிலோ பாக்கின் தந்தையான ஓவியர் டேவிட் பியர்க், கரவாஜியோவின் சாயலில் தீட்டிய இருண்ட சனக்கூட்டம். அதில் ஐவரின் முகங்களை விளம்பரப் படமாகத் தேடுபவருக்கு ஒன்றுமே அகப்படாது.