வாத்து மூக்கு வண்டி

அமெரிக்க அஞ்சல் துறையின் புது மின்வண்டியைப் பார்த்தால் முதலில் சிரிப்புதான் வரும். முன்பக்கம் வாத்தின் அலகு. அதற்கு மேல் கடை முகப்பைப் போல ஒரு பெரிய கண்ணாடி. ஆனால் சூட்சுமமே அந்தத் தாழ்ந்த மூக்கில்தான். வண்டிக்கு முன்னால் ஓடிவரும் குழந்தைகூட ஓட்டுநர் கண்ணுக்குத் தப்பாது. சாலையோரப் பெட்டிகளில் கடிதம் போட வசதியாக ஸ்டியரிங் வலப்பக்கம், நம் ஊர் போலவே! சரக்கு அறையில் நிமிர்ந்து நிற்கலாம். 1987 முதல் ஓடும் பழைய க்ரம்மன் வண்டியில் ஏசி கிடையாது, இதில் உண்டு. ஓஷ்கோஷ் நிறுவனத்தின் இந்த வண்டி 2024இல் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில் ஓடத் தொடங்கியது. பெட்ரோலில் ஓடும் வகையும் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வீடு நின்று நின்று போகும் வேலைக்கு மின்மோட்டார்தான் தோது: பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். அழகில்லை என்பவர்கள் ஆகஸ்ட் வெயிலில் ஒரு நாள் பழைய வண்டியை ஓட்டிப் பார்க்கட்டும்.