கடல் கடந்த பயிற்சியும் கைமுதலும்

கடல் கடக்கிறவனுடைய பிரயாணச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே, போய்ச் சேர்ந்த இடத்தில் அவனுடைய நிலை அமைகிறது. இந்த உண்மையைப் பேராக் மாநிலத்துத் தமிழர்கள் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவர்களுடைய சொந்தச் சரித்திரமே அதற்குச் சாட்சி. 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் ஊன்றப்பட்டு, பின்னர் சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் தஞ்சோங் மாலிமிலும் தோட்டங்கள் பரவியபோது, ஆள் திரட்டிய கங்காணி கொடுத்த முன்பணத்தில் கப்பலேறி வந்தவன் அந்தக் கடன் தீரும்வரையில் கங்காணிக்கே கட்டுப்பட்டுக் கிடந்தான். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஏற்பாட்டைச் சர்க்கார் செய்து, இந்தியத் தொழிலாளரை வைத்து வேலை வாங்கிய முதலாளிகளிடமெல்லாம் வரி வசூலித்து, அந்தப் பணத்தில் கப்பல் கட்டணத்தைச் செலுத்தத் தொடங்கிய பிறகு வந்தவனோ, கூலி எவ்வளவு சொற்பமாயினும், கப்பல் கடன் என்ற ஒரு சுமையாவது இல்லாதவனாகக் கரையிறங்கினான்.

இன்று அந்தத் தோட்டங்களில் பல செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் கொடுத்துவிட்டன. லயங்களில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஸ்ரீ இஸ்கண்டாரிலும் கம்பாரிலும் தஞ்சோங் மாலிமிலும் பல்கலைக்கழக வித்தியார்த்திகளாக இருக்கிறார்கள். அவர்களில் சிலர், படிப்பின் ஓர் அங்கமான தொழிற்பயிற்சியை வெளிநாட்டில் பெற விரும்புகிறார்கள். அந்த விருப்பம் தக்கதுதானா என்பது ஒரு கேள்வி. அதற்குப் பணம் தேடும் முறைகள் தக்கவைதாமா என்பது வேறொரு கேள்வி. முதற்கேள்விக்கு மேடைகளில் கிடைக்கும் கைதட்டலில் இரண்டாவது கேள்வி காதில் விழாமலே போய்விடுகிறது.

பயிற்சியின் நன்மைகளை முதலில் சொல்லிவிடுவோம். பொறியியல் பட்டங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் மலேசிய மன்றம் எட்டு வாரத்துக்குக் குறையாத தொழிற்பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ அது ஏறக்குறைய ஏழு மாதம் வரையில் நீண்டு வந்திருக்கிறது. எப்படியும் செய்தே தீரவேண்டிய ஒரு காரியத்தைச் சிறந்த ஆய்வுக்கூடமொன்றில் செய்தால் என்ன என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் அரிச்சுவடி கற்று, மலாய்மொழி இடைநிலைப்பள்ளியில் வளர்ந்து, ஆங்கிலப் பாடநூல்களோடு மல்லாடி மேலேறி வந்த ஒரு பிள்ளை, பல தேசத்தார் கூடிய சபையில் தன் அபிப்பிராயத்தை எடுத்துச் சொல்லி, அது மறுக்கப்படுவதையும் சில வேளைகளில் ஏற்கப்படுவதையும் கண்டு பழகும்போது உண்டாகும் தைரியத்தை எந்தத் தன்முனைப்பு முகாமும் கொடுத்துவிட முடியாது. அதைக் காட்டிலும் முக்கியமான நன்மை ஒன்றுண்டு. வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்குச் சிபாரிசு செய்ய ஒரு மாமாவோ அப்பாவின் நண்பரோ எங்கேனும் ஓர் அலுவலகத்தில் இருப்பார். தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு அப்படி ஒருவரும் இல்லை. ஓர் ஆய்வுக்கூடத்தின் தலைவர், மூன்று மாதம் வேலையைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதித் தரும் கடிதம், உறவின் தயவில்லாமல் அந்தக் குடும்பம் சம்பாதித்த முதல் சிபாரிசாக அமைகிறது.

ஆயினும், அயல்நாட்டில் நடைபெறுவதாலேயே ஒரு பயிற்சி உயர்ந்ததாகிவிடாது. ஈப்போவிலிருந்து வடக்கு நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரப் பிரயாணத்தில் எட்டிவிடக்கூடிய பினாங்குப் பாயான் லெப்பாசில், 1972-ஆம் ஆண்டு முதற்கொண்டு இண்டெல் முதலிய மின்னணு நிறுவனங்கள் இயங்கி வருகின்றன. அங்கே கற்கக்கூடியதைக் கற்பதற்காகச் சமுத்திரம் தாண்டுவது பணவிரயமே. மேலும், பயிற்சி என்ற பெயரிலோ கலாசாரப் பரிமாற்றம் என்ற பெயரிலோ மலிவான உழைப்பைத் திரட்டுகிறவர்களும் உலகத்தில் உண்டு. 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹெர்ஷி சாக்லேட்டுகளைப் பொதிகட்டும் கிடங்கொன்றில், கோடைகால வேலைப் பயணத் திட்டத்தின்கீழ் ஆயிரக்கணக்கான டாலர் கட்டி வந்திருந்த பல நாட்டு மாணவர்கள், பாரப்பெட்டி தூக்குவதைத் தவிர வேறெதையும் கற்கவில்லை என்று வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். மறு ஆண்டிலேயே அந்நாட்டு அரசாங்கம் விதிகளைத் திருத்த நேர்ந்தது. ஆகையால், இந்த வேலையில் எனக்குக் கற்றுக்கொடுக்கிறவர் யார், அவர் கற்றுக்கொடுப்பது உள்ளூரில் கிடைக்காததா என்ற இரண்டையும் கேட்டுத் தெளியாமல் விண்ணப்பத்தில் கையொப்பமிடுவது விவேகமன்று.

வாய்ப்பைத் தேடும் வழிகளைப் பார்த்தால், அவற்றைச் செலவு யாருடையது என்பதைக் கொண்டே வகைப்படுத்திவிடலாம். 1948-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவான ஐயெஸ்டே என்ற மாணவர் பரிமாற்ற அமைப்பு, பயிற்சியளிக்கும் நிறுவனம் மாணவருடைய ஜீவனச் செலவுக்குப் போதுமானதைக் கொடுக்கவேண்டும், வழிச்செலவு மாணவருடையது என்ற விதியை வைத்தது. ஜப்பானின் ஒக்கினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகமும், சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா பல்கலைக்கழகமும் இன்னும் ஒருபடி மேலே சென்று, தங்குமிடம், விமானக் கட்டணம், உதவித்தொகை ஆகிய மூன்றையும் தாமே ஏற்று, எந்த நாட்டு மாணவருக்கும் ஆய்வுப் பயிற்சி அளிக்கின்றன. இதற்கு நேர் எதிரான நிலையில் ஊதியமில்லாப் பயிற்சிகள் நிற்கின்றன. 2015-இல் ஜெனீவாவிலுள்ள ஐக்கிய நாட்டுச் சபையில் அவ்விதம் பயிற்சி பெற்ற நியூசிலாந்து இளைஞர் ஒருவர், வாடகை கொடுக்க வழியின்றி ஏரிக்கரையில் கூடாரமடித்துத் தங்கிய செய்தி உலகமெங்கும் பரவிற்று. மனித உரிமைகளைப் பேணும் சபையிலேயே வசதியுள்ளவர்கள் மட்டும் பயில முடியும் என்றால், அந்தப் பயிற்சியின் பெருமை யாருக்குப் பிரயோஜனம்? எல்லாவற்றுக்கும் கடைசியில், மாணவரிடமே கட்டணம் வாங்கிக்கொண்டு இடம் பிடித்துத் தரும் முகவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் நேர்மையானவர்களும் இருக்கக்கூடும்; எனினும், இடம் கிடைக்கும் முன்பே பணத்தைக் கேட்கிறவரிடம், அழைக்கும் நிறுவனத்தின் பெயரையும் முகவரியையும் கேட்டு, அந்த நிறுவனத்துக்கே நேராக எழுதி விசாரிப்பது உயிருக்கே பாதுகாப்பான காரியமாகும். வேலை ஆசை காட்டப்பட்டு, கம்போடியாவிலும் மியன்மார் எல்லையிலும் மோசடிக் கும்பல்களிடம் 2022-இல் சிக்கிய மலேசிய இளைஞர்களின் கதி நமக்கு மறந்துபோகவில்லை.

அனுமதிச் சீட்டுகளின் கால அளவு மற்றொரு சங்கடம். பக்கத்து ஊர்போல நாம் நினைக்கும் சிங்கப்பூரில் பயிற்சிக்கென்று வழங்கப்படும் எம்பிளாய்மெண்ட் பாஸ் மூன்று மாதத்தைத் தாண்டாது. ஏழு மாதப் பயிற்சியை எதிர்பார்க்கும் பல்கலைக்கழகம் எஞ்சிய மாதங்களை எப்படிக் கணக்கில் சேர்க்கும் என்பதை, இடம் கிடைத்த பிறகன்று, விண்ணப்பிக்கும் முன்பே துறைத்தலைவரிடம் எழுத்துமூலம் கேட்டறிவது அவசியம்.

பயிற்சிச் செலவின் உண்மையான இயல்பை அறிய, ஈப்போ புந்தோங்கில் முறுக்கும் கடலையும் விற்று ஜீவிக்கும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துப் பார்ப்போம். மகளுக்கு வெளிநாட்டு ஆய்வுக்கூடமொன்றிலிருந்து அழைப்பு வருகிறது. தங்குமிடம் இலவசம், மாதந்தோறும் உதவித்தொகை உண்டு, விமானக் கட்டணம், வந்து சேர்ந்தபின் ரசீதைக் காட்டினால் திருப்பித் தரப்படும். ஊரார் இதை இனாமாகக் கிடைத்த அதிர்ஷ்டம் என்கிறார்கள். ஆனால் கடப்பிதழுக்கு 200 வெள்ளி, விசா, காப்புறுதி, விமானச் சீட்டு, முதல் உதவித்தொகை கணக்கில் ஏறும் வரையில் சாப்பாடு ஆகிய அனைத்துக்கும் இன்றே பணம் வேண்டும். போதாததற்கு, விசா அலுவலகம் தகப்பனாரின் வங்கிக் கணக்கறிக்கையைக் கேட்கிறது. அந்தக் கணக்கிலோ, மாலையில் விற்று வந்த பணம் ஏறுகிறது; மறுநாள் காலை கடலைக்கும் மாவுக்கும் எண்ணெய்க்கும் இறங்கிவிடுகிறது. எந்த மாதத்தின் இறுதியிலும் நிற்கும் மீதி, அந்த வீட்டின் உழைப்பைக் காட்டுவதில்லை. குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளியாக உள்ள ஒரு நாட்டில், பின்னால் திரும்பி வரப்போகும் சில ஆயிரம் வெள்ளி இப்போது கையில் இல்லாத காரணத்தினாலேயே தகுதியுள்ள பிள்ளை பின்தங்கிவிடுகிறது. குறைவது பணமன்று, தருணத்தில் வரும் பணம்.

இந்தத் தருணப் பணத்தை நம்மவர் எங்கெங்கே தேடுகிறார்கள்? 1997-இல் தோன்றிய பி.டி.பி.டி.என். என்ற தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடன் பருவக் கட்டணத்தையும் உள்ளூர் வாழ்க்கைச் செலவையும் எண்ணித் தரப்படுவது. கடல் கடக்கும் செலவு அதன் நோக்கத்தில் இல்லை. பயிற்சிப் பருவத்தில் வகுப்பறையை மிதிக்காவிட்டாலும் பல்கலைக்கழகக் கட்டணம் நிற்பதில்லையாகையால், அந்தக் கடனும் அங்கேயே கரைந்துவிடுகிறது. 2024 மே மாதம் முதல் ஊழியர் சேமநிதியின் ஒரு பகுதியை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. அது சௌகரியமே, ஆனால் தாய் தகப்பனின் முதுமைச் சோற்றிலிருந்து எடுக்கப்படும் பிடி அது. அம்மாவின் நகை அடகுக்கடைக்குப் போவதும், அதற்கும் மிஞ்சினால் சட்டவிரோத வட்டிக்காரனான ஆலோங்கிடம் கைநீட்டுவதும் நாம் அறியாதவையல்ல. இவற்றைவிட மேலாகத் தோன்றுவது பொதுமக்களின் உதவி. ஆலயங்களும் சங்கங்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் மனமுவந்து கொடுக்கிறார்கள் என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும், மேசையளவு மாதிரிக் காசோலையின் ஒரு முனையைத் தலைவரும் மறுமுனையைத் தாயாரும் பிடித்துக்கொள்ள, நடுவிலே தலைகுனிந்து நிற்கும் மாணவரின் படம் மறுநாள் பத்திரிகையில் வரும்போது, கல்விக்கு உரிய உதவி தருமமாகச் சிறுத்துவிடுகிறது. யாருக்குத் தலைவரைத் தெரியுமோ, யாருடைய துயரக் கதை அதிகம் உருக்குமோ, அவர்களுக்கே பணம் போகிறது. யோக்கியதை பின்னுக்குப் போய்விடுகிறது. தேர்தல் அருகில் இருந்தால் தொகை பெருகுவதும், தூரத்தில் இருந்தால் சுருங்குவதும் இதன் மற்றொரு குறை.

செல்வம் மிகுந்த தேசங்கள் இவ்விஷயத்தை எப்படிக் கருதுகின்றன என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. 1950-இல் வகுக்கப்பட்ட கொழும்புத் திட்டத்தின்கீழ் மலாயா மாணவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போனார்கள். அதே ஆஸ்திரேலியா 2014-இல் புதிய கொழும்புத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி, தன் இளங்கலை மாணவர்களை ஆசிய, பசிபிக் நாடுகளுக்குப் படிக்கவும் தொழிற்பயிற்சி பெறவும் பொதுப்பணத்திலே அனுப்புகிறது. பணக்கார நாட்டு மாணவரின் வழிச்செலவையே பொதுச்செலவாக ஏற்பது நியாயமானால், தோட்டப்புறத்துப் பிள்ளையின் வழிச்செலவைக் குடும்பச் செலவென்று ஒதுக்குவது எவ்வாறு நியாயமாகும்?

சர்க்காரைக் கேட்பது நம் உரிமை. ஆனால் சர்க்கார் தரும்வரை காத்திருப்பது நம் மரபன்று. வெள்ளைக்கார முதலாளிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்ற காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டுகிறவர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களே விலைக்கு வாங்கப்பட்டன. யாரும் யாரிடமும் கைநீட்டவில்லை, பங்குதாரர்களாக நின்றார்கள். அந்த முறையையே இச்சிறு காரியத்துக்கும் கைக்கொள்ளலாம். ஒவ்வோர் ஊர் முன்னாள் மாணவர் சங்கமும் ஒரு சுழல்நிதி வைத்துக்கொள்ளட்டும். அழைப்புக் கடிதத்தை அனுப்பிய நிறுவனத்திடம் விசாரித்து உறுதி செய்துகொண்டு, வட்டியில்லாத முன்பணம் கொடுக்கட்டும். திருப்பித் தரப்படும் விமானக் கட்டணம் வந்தவுடன் அது நிதிக்கே திரும்பட்டும். திரும்பி வராமல் போகுமே என்று அஞ்சுவோர் உண்டு. சில கணக்குகள் அப்படிப் போகவும் கூடும். ஆனால் இனாமாகக் கொடுக்கும் பணம் முழுவதுமே திரும்பாதது என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். ஊதியமில்லாப் பயிற்சிக்கு இந்த நிதி ஒரு காசும் தரலாகாது என்ற விதி ஒன்று இருந்தால், மாணவர்கள் தேடும் திசையையே அது நல்வழிப்படுத்திவிடும்.

முடிவாக நான் சொல்வது இதுதான். சோறும் இடமும் கொடுத்துக் கற்பிக்க முன்வரும் நிறுவனத்துக்குப் பிள்ளையைத் தயங்காமல் அனுப்புங்கள். அவற்றைக் கொடுக்காத இடத்துக்கு, அதன் பெயர் எவ்வளவு பெரிதாயினும், கடன் வாங்கி அனுப்பாதீர்கள். பேராக்கிலுள்ள நம் சங்கங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் பொன்னாடைக்கும் மாலைக்கும் ஒதுக்கும் தொகையைக் கொண்டாவது இந்தச் சுழல்நிதியைத் தொடங்க வேண்டும்.