தூதும் போலியும்

ஆர்.என்.ஏ. மருந்துகளைப் பற்றித் தமிழில் எழுதப்பெறும் கட்டுரைகள் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. மகிழத்தக்கதே. ஆயினும் அவற்றுட் பலவற்றில் சொற்களே படிப்போரை வழிதவறச் செய்கின்றன. 2021ஆம் ஆண்டு சிரம்பானை அடுத்த தோட்டமொன்றில், கோவிட் தடுப்பூசிக்குக் காத்திருந்த மூதாட்டி ஒருவர் என்னிடம், "வாத்தியாரே, இந்த ஊசி பரம்பரையையே மாத்திப்புடுமாமே, மெய்தானா?" என்று கேட்டார். பேரன் படித்துக் காட்டிய தமிழ்க் கட்டுரையில் 'மரபணு ஊசி' என்று இருந்ததாம். அம்மையார்மீது குற்றமில்லை. 'மரபு' என்ற சொல்லைக் கேட்டுப் பரம்பரையை எண்ணியது அவருடைய தமிழறிவையே காட்டும். பிழை எழுதியவருடையது.

பெயர் தவறினால் விளைவது யாது என்பதை நம் மாநிலத்தார் பட்டறிந்தவர். 1998ஆம் ஆண்டின் இறுதியில் சிரம்பானை ஒட்டிய சிக்காமாட்டிலும், பின்னர்ப் போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக்கிலும் மூளைக்காய்ச்சல் பரவியது. நோயுற்றோர் சிலரின் குருதியில் சான்று தென்பட்டமையால், அதனை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலிற் கொண்டனர். எனவே கொசுவுக்குப் புகையடித்தனர்; அந்நோய்க்குரிய ஊசியையும் போட்டனர். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதியதொரு நச்சுயிரைப் பிரித்தெடுத்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. நோய் தொற்றியது பன்றிகளிடமிருந்து. நாடு முழுவதும் நோயுற்ற 265 பேரில் 105 பேர் மாண்டனர். சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரே அந்நச்சுயிருக்கும் பெயராயிற்று.

நிப்பா ஓர் ஆர்.என்.ஏ. நச்சுயிர். அதனை எதிர்க்கும் ஆர்.என்.ஏ. தடுப்பூசி ஒன்று 2022இல் அமெரிக்காவில் மக்களிடம் முதற்கட்டச் சோதனைக்கு வந்தது. ஆகவே, இம்மருந்துகளை எச்சொல்லால் அழைப்பது என்பது நம் வட்டாரத்தார்க்கு வெறும் பண்டிதர் வழக்கன்று.

எம்.ஆர்.என்.ஏ. என்பதனைத் 'தகவல் ஆர்.என்.ஏ.' என்பார் சிலர்; 'செய்தி' என்பார் சிலர்; 'தூது' என்பார் சிலர். யான் தூதின் பக்கம் நிற்பேன். உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ. என்னும் மூல ஏடு இருக்கின்றது. அது வெளியே வருவதில்லை. வேண்டிய பகுதிக்கு மட்டும் படியெடுத்து வெளியே அனுப்பப்படுகின்றது. புரதம் செய்யும் பட்டறையாகிய ரைபோசோம் அதனைப் படித்து வேலையை முடிக்கின்றது. பின் அப்படி சிதைந்துவிடுகின்றது. தடுப்பூசியோ, புறத்தே எழுதிய படியொன்றைக் கொழுப்புறையில் இட்டு அனுப்புவது. அது உட்கருவினுள் நுழைவதில்லை. பட்டறைக்குச் சென்று சொல்ல வேண்டியதைச் சொல்லி அழிகின்றது. 'செய்தி' என்றால் சொல்லப்படும் பொருள் மட்டுமே விளங்கும். 'தூது' என்றாலோ, சொல்பவன் வேறு, அனுப்பியவன் வேறு என்பதும் உடன் விளங்கும். திருக்குறளில் ஓர் அதிகாரத்துக்கே பெயரான இச்சொல்லை நம் மாணவர்க்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தூது நூல்களில் மாலை வாங்கி மீள்வது தூதின் கடன்; இத்தூது மீள்வதில்லை. அவ்வளவே வேறுபாடு. மூதாட்டியிடம் யான், "பாட்டி, இது ஏடு இல்லை, கடுதாசி, படிச்சதும் கிழிஞ்சுபோகும்" என்றேன். வரிசையை விட்டு அவர் போகவில்லை.

இதனினும் சுவையானது 'போலி'. வெளியிலிருந்து ஆர்.என்.ஏ. புகுந்தால் உடல் அதனைப் பகையென்று உணர்ந்து கொதித்தெழும். பல்லாண்டு இம்முயற்சி தேங்கிக் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆர்.என்.ஏ.யின் எழுத்துகளுள் ஒன்றாகிய யூரிடினுக்கு மாற்றாகச் சூடோயூரிடினை வைத்தால் அக்கொதிப்பு அடங்கும் என்பதனைக் காத்தலின் காரிக்கோவும் துரூ வைஸ்மனும் 2005இல் காட்டினர். 2023இல் நோபல் பரிசு பெற்றனர். இன்றைய கோவிட் ஊசிகளில் இருப்பது அவ்வெழுத்தின் மற்றொரு திரிபு. இதனைப் 'பொய் யூரிடின்' என்று எழுதக் கண்டேன். கள்ள நாணயமோ என்று படிப்பவர் அஞ்சுவர்.

நன்னூல் கற்ற ஆசிரியர் இவ்விடத்தில் திகைக்க வேண்டுமா? அறம் என்பது அறன் என வரும். அரசு அரைசு என வரும். எழுத்து மாறியும் பொருள் மாறாமையே போலி. சூடோயூரிடினும் அன்னதே, ரைபோசோம் அதனை யூரிடினாகவே படிக்கும், விளையும் புரதமும் அதுவே. ஆதலின் 'போலி யூரிடின்' என எழுதி, இலக்கணப் போலியை ஒருவரி நினைவூட்டினால் போதும். மூவாயிரம் சொல்லில் விளங்காதது அவ்வொரு வரியில் விளங்கும்.

தூது என்னும் பெயரை எல்லாவற்றிற்கும் ஏற்றுவதும் தவறு. 2018இல் முதன்முதலாக உரிமம் பெற்ற பட்டிசிரன், கொழுப்பைக் குறைக்க ஆறு திங்களுக்கு ஒருமுறை போடும் இன்கிளிசிரன் ஆகியவை வேறு இனம். இவை எச்செய்தியையும் கொண்டு செல்வன அல்ல. உடலின் தூதையே இடைவழியில் அறுப்பன. இவ்வகை மருந்துகளைச் சர்க்கரைக் கூறொன்றோடு பிணைத்து ஈரலுக்குச் செலுத்தும் வேதியியலில், தமிழரான முத்தையா மனோகரனின் பங்கு பெரிது. இவற்றைக் 'குறுக்கீட்டு ஆர்.என்.ஏ.' என்கின்றனர். பேச்சின் நடுவே எழுந்து குறுக்கிடும் கூட்டத்தாரைத்தான் அச்சொல் எனக்கு நினைவூட்டுகிறது. 'தூதறுப்பான்' என்று யான் எழுதி வருகின்றேன். ஓசை சற்றுக் கரடுதான். இதனினும் மெல்லிய சொல் அறிந்த ஆசிரியர் எழுதுவாராக. என் சொல்லைக் கைவிட யான் தயங்கேன்.